அங்கே இன்னும் கோல் விழவில்லை

பிப்ரவரி 1, வியாழன்

கேபிள்காரர் சொன்ன நாளில் வந்துவிட்டார். இதை எழுதி வைத்தே ஆக வேண்டும், இனி ஒருமுறை இப்படி நடக்காது. பழைய பெட்டியைக் கழற்றிப் புது எச்.டி பெட்டியை மாட்டி, ரிமோட்டில் எதையெதையோ அமுக்கி, "இப்போ பாருங்க சார், ஜன்னல் வழியாப் பாக்குற மாதிரி இருக்கும்" என்றார். அவர் எதை மாட்டினாலும் அப்படித்தான் சொல்வார். ஆனால் இந்த முறை நான் வாயடைத்துப் போனேன்.

சாயங்காலம் போன வாரக் கால்பந்து ஆட்டத்தை மறு ஒளிபரப்பு செய்தார்கள். புல் புல்லாகத் தெரிகிறது. இத்தனை வருஷமாக நான் பார்த்தது பச்சை ஜமக்காளத்தின் மேல் ஓடிய புள்ளிகளைத்தான் போலிருக்கிறது. நடுவர் சரியாகச் சவரம் செய்யவில்லை, தாடைக்குக் கீழே ஒரு திட்டு விட்டுப்போயிருக்கிறது. நம் நீலச்சட்டை அணியின் கோல்கீப்பருக்கு இடது கையுறையில் கட்டைவிரல் பக்கம் தையல் பிரிந்திருக்கிறது. அவன் வீட்டில் யாருக்காவது இது தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும்.

உடனே மகள் வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம், கையெல்லாம் சோப்பாம். சரி அப்புறம் என்று வைத்துவிட்டேன். அப்புறம் சொல்லத் தோன்றவில்லை. கையுறைத் தையலையெல்லாம் அப்போதே சொன்னால்தான் உண்டு.

பிப்ரவரி 2, வெள்ளி

கண் பட்டுவிட்டது. லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தால், நேற்று விளையாட்டு சேனல் இருந்த எண்ணில் ஒரு பெண் காய்கறி நறுக்கும் கத்தி விற்கிறாள். சேனலை எங்கேயோ குடி மாற்றிவிட்டார்கள். தேடிக் கண்டுபிடித்தால், சரியாக கோல் கம்பத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி: அன்புள்ள வாடிக்கையாளரே. அன்பு இருந்தால் நடுவில் வந்து நிற்பார்களா? அது போனதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பந்தை உதைத்தவனுக்கு ஒரு கால் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

புகார் எண்ணுக்குப் பேசினேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, பாட்டுக் கேள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. சாதம் வேகும் வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், வீட்டில் ஒரு பெண் குரல் கேட்டது நன்றாகத்தான் இருந்தது. சீ, இதையெல்லாம் எழுதக் கூடாது.

பிப்ரவரி 3, சனி

மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள். இப்போது அந்தப் பயல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், பிள்ளையை யார் பார்ப்பது? நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறேன்.

அங்கே போகலாம். பஸ்ஸில் அரை நாள். ஆனால் இரண்டே அறை. நான் போனால் மாப்பிள்ளை கட்டிலை விட்டுக் கொடுத்துவிட்டுத் தரையில் படுப்பார், எனக்கு உடம்பு கூசும். அது மட்டும்தானா? போனது அவள், வர வேண்டியவளும் அவள்தானே என்று ஒரு வீம்பு. அதுவும்தான்.

ஆரம்பத்தில் எங்கள் போன் பேச்சு, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ, ம், வேற — இத்தோடு தீர்ந்துவிடும். அந்த "வேற" எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டத்தின் நடுவில் கூப்பிட்டாள். வைக்கச் சொல்லவும் மனசில்லை, ஆட்டத்தை விடவும் மனசில்லை. அங்கேயும் மாப்பிள்ளை அதே ஆட்டத்தைப் போட்டிருந்தார். "எதுக்குங்க அந்தாளு மஞ்ச அட்டையைக் காட்டுறாரு?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஆட்டத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. அன்றிலிருந்து சனிக்கிழமை ஆட்டம் முடியும்வரை இரண்டு பக்கமும் போனைத் திறந்தே வைத்திருப்போம். பேசியே ஆக வேண்டும் என்றில்லை. நெட்டையாக இருக்கிற எங்கள் முன்கள வீரனுக்கு அவள் வைத்த பெயர் கொக்கு. அவன் நிஜப் பெயர் எனக்கே மறந்துவிட்டது.

இன்றுதான் எச்.டி.யில் முதல் சனிக்கிழமை. கொக்கு பந்தோடு பாதி மைதானம்கூடத் தாண்டவில்லை, போனில் அவள், "போட்டுட்டாங்க!" என்கிறாள். என்னது போட்டுட்டாங்க? இங்கே இவன் ஓடிக்கொண்டிருக்கிறான். பிறகு என் கண் முன்னாலேயே அவள் சொன்னபடி போட்டான். என் பெண்டாட்டிக்கு ஞானதிருஷ்டி வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் மிரண்டு போனேன்.

பிப்ரவரி 10, சனி

இன்றும் அதே கதை. இரண்டு கோலும் எனக்குக் காதில்தான் விழுந்தன. கண்ணுக்கு வந்தபோது ஆறிப்போயிருந்தன.

பிப்ரவரி 12, திங்கள்

கேபிள்காரரை வழியில் மடக்கிப் பிடித்தேன். அவர் அசரவில்லை. எச்.டி எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வருமாம், பழைய சாதா சேனல் முந்திவிடுமாம். பெரிய படம் இல்லையா, மூட்டை கட்டி அனுப்பி இங்கே வந்து பிரிக்க வேண்டுமாம். சீக்கிரம் பிரிக்கக் கூடாதா என்றேன். "அவசரம்னா சாதாவுலயே பாருங்க. அந்தச் சேனலும் உங்க பெட்டியில இருக்கு. ஆனா இதைப் பாத்த கண்ணு அதைப் பாக்காது சார்."

உண்மைதான். போய்ப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி மாதிரி இருக்கிறது. இதையா இத்தனை நாள் பார்த்தேன்? மகள் வீட்டில் இன்னும் இதுதான். ஆக, என் வீட்டுக்காரி எனக்குக் கொஞ்சம் முன்னால் வாழ்ந்துகொண்டிருக்கிறாள். போனில் அவளிடமே இதைச் சொன்னேன்.

பிப்ரவரி 17, சனி

கத்திவிட்டேன்.

கடைசி நிமிஷம், சமநிலை, நமக்கு ஒரு பெனால்டி. கொக்கு பந்தைக் கீழே வைக்கிறான். அவன் நெற்றியில் வியர்வை இறங்குவது தெரிகிறது, உதட்டை நக்கிக்கொள்வது தெரிகிறது. இதற்காகத்தானே ஒருத்தன் டிவி பார்க்கிறான்? அப்போது இவள், "ஐயய்யோ, வெளிய அடிச்சிட்டானே" என்கிறாள். அவன் இன்னும் பின்னால்கூட நகரவில்லை.

"வாயை மூடிக்கிட்டுப் பாக்கத் தெரியாதா உனக்கு? எல்லாத்தையும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திச் சொல்லி உயிரை வாங்குற. உனக்கு ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும்?"

கொக்கு ஓடி வந்து வெளியே அடித்தான். பிறகு அவள், பையன் முழித்துவிட்டான், வைக்கிறேன் என்றாள். பையன் அழுத சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

அவள் கூப்பிடவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 24, சனி

போன் அடிக்கவில்லை. மேஜை மேல் பார்க்கும்படியாக வைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தேன். யாரும் முந்திச் சொல்லவில்லை. ஒவ்வொரு கோலும் புத்தம் புதிதாக வந்தது. மூன்று கோல், மூன்றும் நமக்கு. கோல்கீப்பர் புதுக் கையுறை போட்டிருக்கிறான். தையல் பிரிந்தது யார் கண்ணிலோ பட்டிருக்கிறது.

மூன்றாவது கோலுக்கு நான் எழுந்திருக்கவேயில்லை. எழுந்து யாரைப் பார்ப்பது?

என் பயம் என்னவென்று இன்றாவது எழுதிவிடுகிறேன். அவள் அங்கே இருப்பது பயமில்லை. நான் இல்லாமல் இருக்க அவள் பழகிக்கொண்டாளோ என்பதுதான். சனிக்கிழமை ஒன்றுதான் கயிறு மாதிரி இருந்தது. அதையும் நானே அறுத்துவிட்டேனா?

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்று ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெண், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது ஸ்பானர் பிடிப்பதை அல்ல. சிக்கினவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத்தான். என்ன பேசினாலும் சரி. மதியம் என்ன சாப்பிட்டீங்கம்மா என்பதிலிருந்து செருப்பு என்ன நிறம் என்பது வரை கேட்டேன். பிறகு மோட்டார் அறைக்கு ஏறிப் போய், சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைக் கீழே இறக்கினேன்.

வெளியே வந்தவள் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "இருட்டுகூடப் பரவாயில்லை சார். நடுவுல நீங்க மேல ஏறிப் போனீங்களே, அப்ப ஒரு சத்தமும் இல்லை. அப்பதான் அழுதுட்டேன்."

இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்க்கிறேன். மேலே ஏறும்போதும் குரல் கொடுத்துக்கொண்டே ஏற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து கைக் கிரீஸைக்கூடத் துடைக்காமல் அவளைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, கூப்பிடு என்றேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். "ம், சரிங்க" என்றாள். "வேற?" என்று அவள் கேட்பதற்குள் நானே, கோல்கீப்பர் கையுறை மாற்றிவிட்டான் என்று சொன்னேன்.

மார்ச் 2, சனி

ஆச்சரியம். இன்று ஒன்றும் முந்தவில்லை. கொக்கு தலையால் முட்டினான். நான் "ஏய்" என்று எழுந்திருக்கவும் அவள் "போட்டுட்டாங்க!" என்று கத்தவும் சரியாக இருந்தது. எப்படி என்று கேட்டேன். மாப்பிள்ளை என்னவோ மாற்றினாராம், இப்போது அங்கேயும் என்னுடையது மாதிரியே வருகிறதாம். பையன் தூங்குவதால் டிவி சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டாளாம். நீங்களும் நிறுத்திடுங்க, வர்ணனை செய்யறவரு கத்தறது போனில் இரையுது என்றாள். நிறுத்தினேன். வர்ணனையாளர் இல்லாமல் ஆட்டம் இன்னும் நன்றாக இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் போதும்.

மார்ச் 16, சனி

இன்று ஒரு கோலை ஆஃப்சைடு என்று கோட்டோர நடுவர் கொடியைத் தூக்குவதற்கு முன்பே சொன்னாள். சரியாக இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்றால், பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பழைய ஆட்டமெல்லாம் பார்க்கிறாளாம். நான் பார்ப்பது எனக்குப் பிடித்ததை. அவளும் பார்ப்பது எனக்குப் பிடித்ததைத்தானா?

மார்ச் 30, சனி

ஜெயித்தோம். சந்தோஷத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன், எப்போ வர்றே என்று. பையன் இன்னும் கொஞ்சம் பெருசாகட்டுங்க, பார்ப்போம் என்றாள். பார்ப்போம் என்றால் அவள் அகராதியில் இல்லை என்று அர்த்தம். கட்டிலுக்கு மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. எண்ணெய் விட வேண்டும். ஊரில் இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் எண்ணெய் விடுகிறேன்.

ஏப்ரல் 6, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எச்.டி செத்துவிட்டது. திரையெல்லாம் நீலம். அவளிடம் சொல்லவில்லை. அத்தனை பீற்றிக்கொண்ட பிறகு எப்படிச் சொல்வது? சத்தம் போடாமல் சாதா சேனலுக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு பக்கம் ஆட்டம் ஓட, நான் டிவிக்குப் பின்னால் குனிந்து வயரை நோண்டினேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன், வேலைப் பழக்கம். தலையை நீட்டிப் பார்த்தால் கொக்கு உதைக்கிறான், பந்து உள்ளே. கோல். எனக்குக் கத்த முடியவில்லை, வாயில் டார்ச்.

போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அவள் மூச்சு விடுவது கேட்கிறது. திரையில் எல்லோரும் கொக்கின் மேல் விழுந்து புரள்கிறார்கள். அவள் பேசவில்லை. கோல்கீப்பர்கூட இந்தக் கோடியிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டான். அப்புறம்தான் அவள், அப்போதுதான் பார்த்தவள் மாதிரி, "போட்டுட்டாங்க! பாத்தீங்களா, கொக்கு போட்டுட்டான்!" என்றாள்.

டார்ச்சை எடுத்துவிட்டு, "பாத்தேன்" என்றேன்.

மாப்பிள்ளை எதையும் மாற்றவில்லை. அங்கே இன்னும் அதே பழைய சேனல்தான். அவளுக்கு முதலில் விழுகிறது. விழுந்ததும் வாயை மூடிக்கொண்டு, என் டிவிக்கு அது வந்து சேரும் வரை காத்திருந்து, பிறகு எனக்காகப் புதிதாகக் கத்துகிறாள். இத்தனை சனிக்கிழமையும். அங்கே டிவி சத்தத்தை நிறுத்தி வைத்ததும் இதற்குத்தான்.

என்ன மனுஷி இவ. நான் என்னத்தைச் செஞ்சுட்டேன் இவளுக்கு, இதுக்கு?

ஏப்ரல் 7, ஞாயிறு

மகளிடம் நைசாகக் கேட்டேன், மாப்பிள்ளை கேபிளை மாற்றினாரா என்று. இல்லையே என்றாள். பிறகு சிரித்தாள்.

"சனிக்கிழமை வந்தா இங்க கூத்துப்பா. கோல் விழுந்தா அம்மா வாயைப் பொத்திக்கிட்டு விரல் விட்டு எண்ணுவாங்க. எங்களையும் கத்த விடமாட்டாங்க. இவரு ஒருநாள் கை தட்டப் போனாரு, கையைப் பிடிச்சுட்டாங்க. 'பொறுங்க மாப்பிள்ளை, அங்க இன்னும் கோல் விழலை'ன்னு."

நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

ஏப்ரல் 13, சனி

கேபிள்காரர் எச்.டி.யைச் சரி செய்துவிட்டார். அதிலேயேதான் பார்த்தேன், ஆனால் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சமயம் அவள் மூச்சு சட்டென்று நின்றது. சரி, அங்கே விழுந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். இங்கே இன்னும் ஒருத்தன் பந்தை எறிய இடம் தேடிக்கொண்டிருந்தான். அந்தக் கொஞ்ச நேரம் அவள் அங்கே தனியாக இருந்தாள். அடக்க முடியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்காக. நான் இங்கே.

அப்புறம் கோல் வந்தது. கத்தினாள். நானும் கத்தினேன். என் குரல் எனக்கே பொய்யாக இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்குமோ?

தெரியும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் சிரித்துவிட்டு, சரி இனிமேல் சாதாவிலேயே பாருங்கள் என்பாள். அவ்வளவுதானா இது?

ஏப்ரல் 16, செவ்வாய்

சனிக்கிழமை அவசர அழைப்பு வேலை என்னுடையது. அவள் போன பிறகு நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. அழைப்பு வந்தால் போனால் போதும், ஊரை விட்டு நகராமல் வீட்டில் இருக்க ஒரு சாக்கு. இன்று மேற்பார்வையாளரிடம் புதன்கிழமைக்கு மாற்றித் தரச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். ஆட்டம் பார்க்க வேண்டும் என்றேன். எச்.டி போட்டுட்டு வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதானே என்றார். படம் சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். கதவைத் திறந்தவள் முதலில் கேட்டது, "என்னங்க, உடம்புக்கு என்ன?" ஒன்றுமில்லை, டிவி ரிப்பேர் என்றேன். இளைத்திருக்கிறாள். கண்ணாடியை மாற்றியிருக்கிறாள், போனில் சொல்லவில்லை. பயல் என்னைப் பார்த்துவிட்டு அவள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சாயங்காலம் ஆட்டம். மாப்பிள்ளை வீட்டு டிவி மகா மட்டம். பந்து இருக்கும் இடமே எனக்குத் தெரியவில்லை. இதோ, இங்கே, இப்போ கொக்குகிட்ட என்று அவள்தான் விரலால் காட்டிக்கொண்டே வந்தாள். மகளும் மாப்பிள்ளையும் பின்னால் நாற்காலியில். நாங்கள் இருவரும் தரையில், சுவரில் சாய்ந்து. பயல் அவள் மடியில் தூங்கிவிட்டான். டிவி சத்தத்தை நிறுத்தியே வைத்திருந்தார்கள். இந்த வீட்டில் சனிக்கிழமை இப்போது அப்படித்தானாம்.

இடைவேளைக்குப் பிறகு கொக்கு போட்டான். எனக்கே தெரிந்தது, வலை ஆடியது. திரும்பி அவளைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் விரிந்திருக்கிறது, மூச்சு இல்லை. பக்கத்தில் தோளோடு தோளாக உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறாள், எனக்கு அது வந்து சேரட்டும் என்று. பின்னால் மாப்பிள்ளைகூடக் கத்தவில்லை.

அவள் கையைப் பிடித்து வாயிலிருந்து எடுத்தேன்.

"எனக்கும் விழுந்துடுச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. பிறகு அவள் போட்ட சத்தத்தில் பயல் எழுந்து வீறிட்டு அழுதான்.

மாப்பிள்ளை தரையில்தான் படுத்தார். நானும் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டேன். அப்படி ஒன்றும் கூசவில்லை.

மே 10, வெள்ளி

கேபிள்காரர் கூப்பிட்டார். எச்.டி பேக்கேஜ் முடிகிறதாம், திரும்பப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் சார், படத்தில் ஏதாவது குறையா என்றார், பாவம். ஒரு குறையும் இல்லை, சனிக்கிழமையில் நான் வீட்டில் இருப்பதில்லை என்றேன்.